மாமன் கட்டிய குச்சு

கண்ணாயிரத்தின் பெங்களூர்க் கதையைக் கேட்காதவர்கள் கடலூரில் குறைவு. அவர் டைல்ஸ் மேஸ்திரி. புது வீட்டுக்காரர் யாராவது வேலையைப் பார்க்க வந்தால், ஈரக் கலவையில் கால் வைக்க முடியாமல் வாசற்படியிலேயே நின்றாக வேண்டும். அப்படி நின்ற ஆளை அவர் சும்மா விட்டதே இல்லை.

"தொண்ணூத்தொண்ணு சார். காவிரிக் கலவரம். எனக்கு இருவது வயசு. பெங்களூர்ல மொசைக் பாலீஷ் போட்டுக்கினு இருந்தேன்" என்று ஆரம்பிப்பார்.

அன்றைக்கு அவர் தங்கியிருந்த தெருவில் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. ஓடிப் போய் ஒளிந்த இடம், தினமும் காலையில் இட்லி வாங்கும் கௌரம்மாவின் கடை. அந்த அம்மாள் அவரை உள்ளே தள்ளி, கம்பளியால் போர்த்திப் படுக்க வைத்தாள். பத்துப் பதினைந்து பேர் கட்டையோடு வந்து, உள்ளே யார் என்று கேட்டார்கள். "நன்ன தம்மா" என்றாள் கௌரம்மா. என் தம்பி. அப்படியென்றால் பேசச் சொல் என்றார்கள். பிறவி ஊமை என்றாள். மூன்று நாள் கண்ணாயிரம் வாயே திறக்காமல் அந்த வீட்டில் கிடந்தார். நான்காம் நாள் அவளே கூட வந்து ரயிலேற்றிவிட்டாள்.

"எனக்கும் அந்தம்மாவுக்கும் இன்னா சார் ஒறவு? நான் பேசறது அதுக்குப் புரியாது, அது பேசறது எனக்குப் புரியாது. தம்பின்னு ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்தைலதான் சார் இந்த உசுரு நிக்குது."

இந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். முப்பத்துச் சொச்சம் வருஷமாக, எத்தனையோ தடவை சொல்லியும், சரியாக இதே இடத்தில்தான் அடைத்தது. நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நிற்கும். வீட்டில் வைத்துச் சொன்னால் மட்டும், அவர் மனைவி ராசம்மாள், "அடைச்சிடுச்சா? இரு, தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து போவாள்.

இத்தனை பேர் கேட்டதில் ஒரே ஒருத்திதான் திருப்பி ஒரு கேள்வி கேட்டாள். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" கண்ணாயிரத்துக்குப் பதில் தெரியவில்லை. போய்ப் பார்க்கணும் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே கல்யாணம், பிள்ளை, வீடு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. அப்படிக் கேட்டவள் பூனம்.

பூனத்தின் புருஷன் ராம்பிரவேஷ். பீகாரில் தர்பங்கா பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் வேலைக்கு வந்த ஒரு கும்பலோடு கடலூரில் வந்து இறங்கியவன். மற்றவர்கள் சீசனுக்கு வந்து சீசனுக்குப் போனார்கள். இவன் மட்டும் பெண்டாட்டியை அழைத்து வந்து சிதம்பரத்தில் ஒரு போர்ஷன் பிடித்து உட்கார்ந்துவிட்டான். கண்ணாயிரம் சிதம்பரத்தில் எடுக்கிற வேலைக்கெல்லாம் அவன்தான் வலது கை. மூலைமட்டம் வைத்துப் பார்க்காமலே கோணல் சொல்லிவிடுவான்.

அவர்களுக்கு ஒரே பெண். பிறந்தது சிதம்பரத்தில். பெயர் வைக்கும்போது ராம்பிரவேஷ் கண்ணாயிரத்தைக் கேட்டான். இங்கேயே வளரப்போகிற பிள்ளைக்கு இங்கத்துப் பெயராக இருக்கட்டும் என்று அவர் வெண்மதி என்று வைத்தார். தர்பங்காவில் இருக்கும் சொந்தங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே இல்லை. போனில் அவர்கள் 'பென்மதி' என்று கூப்பிட, அந்தப் பெண் "பேர ஒழுங்கா சொன்னாதான் பேசுவேன்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனைத் தாயிடம் கொடுத்துவிடும்.

அந்த வருஷ ஆவணியில்தான் பூனம் கண்ணாயிரத்தின் கையில் முதல் ராக்கியைக் கட்டினாள். சிவப்புக் கயிறு, நடுவில் ஒரு ஜிகினாப் பூ. கூடப் பிறந்தவன் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான், நீங்கள்தான் அண்ணன் என்றாள். கண்ணாயிரத்துக்குத் தலை கால் புரியவில்லை. "அப்ப நீ எனக்கு மச்சான்டா" என்று ராம்பிரவேஷைக் கட்டிப் பிடித்தார். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியும்தானே; அந்த உறவைச் சொல்லிக் கூப்பிடும் வார்த்தை அவன் ஊரில் கெட்ட வார்த்தை. சொன்னால் அடி விழும். இங்கே அதைச் சொல்லித்தான் கட்டிப் பிடிக்கிறார்கள் என்று புரிய அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் அவனும் மச்சான், மச்சான் என்று ஆரம்பித்தவன்தான். வெண்மதிக்கு அவர் மாமா. அவள் பேச ஆரம்பித்தபோது சொன்ன மூன்றாவது வார்த்தை அது.

வெண்மதி எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, மாசி மாதக் கடைசியில் பெரியவளானாள். பூனத்தின் ஊரில் இதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தாய் காதோடு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுப்பாள், அவ்வளவுதான். இங்கேயோ ஃபிளெக்ஸ் வைத்து, மைக்செட் கட்டி, மண்டபம் எடுத்துச் செய்கிறார்கள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது ராம்பிரவேஷ் வெட்கத்தில் சாப்பிடாமலே எழுந்து வந்தவன். ஆனால் வெண்மதி அழுதாள்.

"சிந்துஜாவுக்குப் பண்ணாங்க. கிளாஸ்ல எல்லாருக்கும் பண்ணாங்க. எனக்கு மட்டும் ஏன் கெடையாது? நான் மட்டும் யாரு?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட பூனம் ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள். சடங்குக்குத் தாய்மாமன் வேண்டும், சீர் கொண்டு வர வேண்டும், ஒரு தடவை வந்து போ என்று கெஞ்சினாள். அவன் காறித் துப்பாத குறை. "இந்தியா பூரா நம்ம நாடுதான், எங்க வேணும்னாலும் போய்ப் பொழச்சிக்கோ. ஆனா அவனுங்க வழக்கத்த வூட்டுக்குள்ள வுடாத. மானம் போவுது" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறிக் கடலூர் வந்தாள். கண்ணாயிரம் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெங்களூர் அக்கா உங்கள தம்பின்னு சொன்னாங்க இல்ல? எனக்கு நீங்க அண்ணன்னு நின்னீங்கன்னா போதும். பொண்ணுக்கு மாமன் வேணும்."

கண்ணாயிரம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இதக் கேக்க பஸ் ஏறி வந்தியா? போன் போட்டா வரமாட்டனா?" என்று அதட்டினார். அதட்டும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானமே பச்சைத் தென்னங்கீற்று வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு சிதம்பரம் போனார். போர்ஷனின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தன் கையாலேயே கீற்றைப் பின்னிக் குச்சு கட்டினார். ஒன்பது நாள் பெண் அதில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் மலர்க்கொடி உலக்கையைக் கொண்டு வந்து குறுக்கே போட்டாள்.

"சடங்கு முடிஞ்சதும் இத இன்னா பண்ணுவாங்க மாமா?" என்று உள்ளேயிருந்து வெண்மதி கேட்டாள்.

"நான் வந்து பிரிப்பேன். மாமன்தான் கட்டணும், மாமன்தான் பிரிக்கணும். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

"நீங்க மறந்துட்டீங்கன்னா?"

"மறந்தா நீ காலம் பூரா இதுக்குள்ளியே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்" என்றார். அவள் உள்ளே சிரித்த சத்தம் கீற்றைத் தாண்டி வெளியே கேட்டது.

நாலு நாள் கழித்துக் கடலூரில் ஒரு ஒயின்ஷாப் வாசலில் தகராறு நடந்தது. உள்ளூர்ப் பையன் ஒருத்தனுக்கு வடநாட்டுக் கூலிக்காரர்கள் இரண்டு பேர் பாட்டிலால் அடித்ததில் மண்டை உடைந்தது. யார் முதலில் கை வைத்தது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. ஆனால் ரத்தம் வழிகிற வீடியோ அன்று மாலைக்குள் எல்லாப் போனிலும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு வேலை தமிழனுக்கே என்று கிளம்பிய, கண்ணாயிரத்தின் மகன் செம்பியன் இருந்த பேரவை தெருத் தெருவாகக் கூட்டம் போட்டது. வெளிமாநிலத்தார் எங்கெங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வாடகைக்கு விடாதே என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள்.

செம்பியன் கெட்டவன் இல்லை. டிப்ளமோ படித்தவன். ஒரு கெமிக்கல் கம்பெனியில் இரண்டு வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குகிறார்களே என்று கேட்டதற்கு வெளியே அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் பேசாமல் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிற ஒரு வடநாட்டுப் பையனை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காயம் அவனுக்கு ஆறவில்லை. அவன் பேரவைக்குப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"நீ சீரு எடுத்துக்கினு போவாதப்பா. எனக்கு அசிங்கமா இருக்கு" என்றான், சடங்குக்கு மூன்று நாள் இருக்கும்போது.

"அது பச்சப் புள்ளடா. அது இன்னா பண்ணுச்சி உனக்கு?"

"அந்தப் பொண்ண நான் ஒன்னும் சொல்லல. நானும்தான் தூக்கி வளத்தேன். ஆனா ஊருல உள்ளவன்லாம் வேல இல்லாம திரியறான். உன்கிட்ட வேல பாக்கற ஆறு பேர்ல அஞ்சு பேரு இந்திக்காரன். ஏன்? நம்ம ஆளு கூலி ஜாஸ்தி கேப்பான், லீவு கேப்பான். அவன் கேக்க மாட்டான். அதானே? அத மறைக்கத்தான் இந்த அண்ணன் தங்கச்சி கதையெல்லாம்."

கண்ணாயிரத்துக்குச் சுருக்கென்றது. அதில் பாதி உண்மை. பாதி உண்மையாக இருந்ததால்தான் கோபம் வந்தது. வழக்கம்போலப் பெங்களூர்க் கதையை எடுத்தார். செம்பியன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குள் சிதம்பரத்தில் ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். ராம்பிரவேஷுக்கு எதையும் குறையாகச் செய்யப் பிடிக்காது. எட்டடிக்குப் பத்தடி. நடுவில் பட்டுப் பாவாடையில் வெண்மதி. மேலே வலது மூலையில், வேலைத்தளத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி கண்ணாயிரம். அடியில் பெரிய எழுத்தில் 'தாய்மாமன் கண்ணாயிரம், கடலூர்'. யாரோ அதைப் படம் எடுத்து, 'பீகார் பெண்ணுக்குக் கடலூர்த் தமிழன் தாய்மாமனாம், கேட்டுக்கோங்க' என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். அதற்குக் கீழே வந்த வார்த்தைகளை ராசம்மாள் படித்துக் காட்ட மறுத்துவிட்டாள்.

"போவலாமா வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏன்டி, கட்டையோட வந்தவனுக்கே அந்தம்மா பயப்படல. நான் ஒரு போட்டோவுக்கா பயப்படுவேன்?" என்றார் கண்ணாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாடா ஏஸ் வண்டியில் இருபத்தோரு தட்டு ஏறியது. பட்டுப்புடவை, வளையல், பழம், பலகாரம், பூ, ரோஜா மாலை. செம்பியன் தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டான். அவனைக் கூப்பிடாமல் இரண்டு பேரும் முன்சீட்டில் டிரைவரோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, முட்லூரும் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது ராசம்மாள் மடியிலிருந்த மாலையைத் தொட்டுப் பார்த்து, "புள்ளைக்குக் கழுத்து தாங்குமா? கனமா கட்டிட்டான்" என்றாள். கண்ணாயிரம் வெள்ளைச் சட்டையில், பன்னீர் வாசனையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அவள் அதைச் சொல்லிக் கிண்டலும் பண்ணினாள்.

மண்டபம் என்று சொல்ல முடியாது. சின்ன ஹால். வாசலில் இருபது இருபத்தைந்து பையன்கள் நின்றார்கள். நடுவில் பாலகுமார். பேரவையின் மாவட்டப் பொறுப்பாளன், செம்பியனின் சேக்காளி. கண்ணாயிரம் வீட்டில் எத்தனையோ நாள் மீன்குழம்பு சாப்பிட்டவன். வண்டி நின்றதும் அவனே வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"வாங்க மாமா. அத்த, நல்லா இருக்கீங்களா?"

யாருடைய கையிலும் கட்டை இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. கண்ணாயிரம் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். யாராவது ஒருத்தன் சட்டையைப் பிடித்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். பாலகுமாரின் கையில் இருந்தது ஒரு போன் மட்டும்தான்.

"மாமா, உங்க பேர வெச்சி ஒரு ஃபிளெக்ஸ் சுத்துது. செம்பியன எல்லாரும் அசிங்கமா கேக்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா பிரச்சினை முடிஞ்சிது. இது உங்க தங்கச்சியா? நீங்க இந்தப் பொண்ணுக்குத் தாய்மாமனா? இங்க பாத்து சொல்லுங்க."

போன் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதற்குப் பின்னால் இருபது முகங்கள். எல்லாம் அவர் ஊர் முகங்கள். அவர் பேசுகிற பேச்சைப் பேசுகிறவர்கள். வேறு யாரோ இரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஹால் படியில் பூனம் நின்றிருந்தாள். மஞ்சள் புடவை. கையில் ஆரத்தித் தட்டு. மாமனை வாசலிலேயே ஆரத்தி எடுத்து அழைக்க வேண்டும் என்று மலர்க்கொடி சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே பாதி வெளியே பாதியாக வெண்மதி. தலை நிறையப் பூ. மாமா வந்துவிட்டார் என்று முகமெல்லாம் சிரிப்பு.

கண்ணாயிரம் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள், நாளைக்கு இந்த முகம் எல்லாப் போனிலும் வரும், மகன் தெருவில் தலை காட்ட முடியாது, ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான் என்று என்னென்னவோ வந்து நின்றுகொண்டன.

"ஒறவெல்லாம் ஒன்னும் இல்லப்பா. எங்கிட்ட வேல பாக்கற ஆளு. ஆசப்பட்டு போட்டோ போட்டுட்டாங்க."

"அப்ப தாய்மாமன் இல்ல?"

"இல்ல."

பெங்களூரில் மூன்று நாள் வாயை மூடியிருந்து பிழைத்த மனுஷன். இங்கேயும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

பாலகுமார் போனைப் படியின் பக்கம் திருப்பினான். "நீங்க சொல்லுங்கம்மா. இவரு உங்களுக்கு யாரு?"

பூனம் தட்டை இறக்கிப் பிடித்தாள். அவள் கண்ணாயிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இந்த மனுஷன் எதிலோ மாட்டிக்கொண்டார், இவரை இதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிற அக்கறைதான் இருந்தது.

"மேஸ்திரி" என்றாள் பூனம். "எங்க வூட்டுக்காரருக்கு வேல குடுக்கறவரு. எனக்கு இங்க அண்ணன் தம்பி யாரும் கெடையாது. நாங்கதான் தெரியாம போட்டுட்டோம்."

ராம்பிரவேஷ் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டான். யாரும் சொல்லாமல் அவனே ஏறி ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தான். படத்திலிருந்த முகம் மடிப்புக்குள் போகும்படி சுருட்டினான். பாலகுமார் நன்றி சொன்னான். பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கதவருகே வெண்மதி இல்லை.

ராசம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். மாலை இருந்த தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள். கண்ணாயிரம் வண்டிக்குள்ளேயே இருந்தார். ஸ்டியரிங் பக்கம் திரும்பிய டிரைவர் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் ராசம்மாள் கொண்டு போன தட்டோடு அப்படியே திரும்பி வந்தாள்.

"வாங்கலையா?"

"உக்காருங்க, சாப்ட்டுப் போங்கன்னாங்க எல்லாரும். மரியாதைக்குக் கொறச்சல் இல்ல." வண்டியில் ஏறி உட்கார்ந்து மாலையை மடியில் வைத்துக்கொண்டாள். "புள்ள கழுத்த நீட்டல."

ராசம்மாள் கடலூர் வந்து வீட்டில் இருபத்தோரு தட்டையும் இறக்கி வைத்தபோதுதான் அழ ஆரம்பித்தாள். பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள்.

செம்பியன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். வீடியோ அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது. பாலகுமார் அதற்கு மேல் 'எங்கள் மாமா, மானமுள்ள தமிழன்' என்று எழுதியிருந்தான். கண்ணாயிரம் மகன் எதிரில் போய் நின்றார். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாரோ, நன்றி சொல்வான் என்று நினைத்தாரோ.

செம்பியன் தலை நிமிராமல் சொன்னான். "நீ ஆமான்னுதான் சொல்லுவன்னு நெனச்சேன்ப்பா."

"நீதானடா போவாதன்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன். ஆனா நீ போவ, ஆமான்னு சொல்லுவ, நான் உங்கிட்ட ஒரு மாசம் பேசாம இருப்பேன்னு நெனச்சேன். சின்ன வயசுலேருந்து அந்தக் கதையக் கேட்டு வளந்தவன்பா நானு." எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் குச்சு பிரிக்க வேண்டிய நேரம். கண்ணாயிரம் கிளம்பவில்லை. மறுநாளும் வேலைக்குப் போகாமல், சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்து, நாலு மணிக்குச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். கீற்று காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளை அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாளோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு பஸ்ஸில் வரும்போது அவரை வதைத்தது. போய், யாரிடமும் எதுவும் பேசாமல், குச்சைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அது போதும். அதை மட்டும் செய்ய விட்டால் போதும்.

வாசலில் மலர்க்கொடி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நேத்து மால நானே போட்டுட்டேன்" என்றாள் அவர் கேட்காமலே. "மாமன் வரல, நேரம் போவுது, புள்ள மணையில குந்தினு கெடக்குது. பொம்பள போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்? கடைக்கு ஓடி ஒரு முழம் கதம்பம் வாங்கியாந்து போட்டேன். அப்பறம் உங்க பேரவைக்காரனுங்க இங்கியும் வந்தானுங்க, வீட்ட காலி பண்ணச் சொல்லணுமாம். வாடக வாங்கறது நானா நீங்களான்னு கேட்டேன். போய்ட்டானுங்க." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "அவ்ளோதான் மேஸ்திரி. அவ்ளோதான் இருந்துது அவனுங்க வீரம்."

கண்ணாயிரம் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நாலு குழி மட்டும் இருந்தது. பெருக்கி, தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெண்மதி பள்ளிக்கூட யூனிஃபார்மில், காய்ந்த கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக் கையில் அங்கங்கே ஈர்க்குச்சி கிழித்த கோடுகள்.

"வெண்மதி" என்றார். "பிரிக்க வந்தேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகிற முகம் இல்லை. கதவைத் தட்டுகிற தெரியாத ஆளுக்கு வீட்டுப் பிள்ளைகள் காட்டுகிற அடக்கமான முகம்.

"அப்பா வேலைக்குப் போயிருக்காரு சார். அம்மாவும் இல்ல" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு, கட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "குச்ச நேத்தே நானே பிரிச்சிட்டேன். மாமன்தான் பிரிக்கணுமாம். எனக்கு இங்க மாமன் யாரும் இல்ல, அதான்."

கண்ணாயிரத்துக்குத் தொண்டை அடைத்தது.

அவள் மிச்சக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். பிறகு, வெயிலில் வந்தவரை அப்படியே அனுப்பக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, "தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.